ஒரு நூல் வெளியே

கட்டட வேலை செய்பவர்களின் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த அளவு நாற்பத்தைந்து வயதுவரை தெரிந்திருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் முகப்பேரில் நாங்கள் வீடு கட்டியபோது, திருமழிசையிலிருந்து பேருந்தேறி வந்து எங்கள் மனையில் செங்கல் சுமந்த ஓர் அம்மாளிடமிருந்துதான் அதைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகளோடு எங்கேனும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்; நான் எழுதுவதில் ஏதாவது பிசகியிருந்தால் நேரில் வந்து சொல்லிவிடக்கூடியவர் என்பதால், கொஞ்சம் எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். உண்மையில் இதை என் மனைவி எழுதியிருக்க வேண்டும். எழுதுவதாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். சென்ற மார்கழியோடு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது.

கோணலான ஒன்றைப் பார்த்துவிட்டு வாய் மூடி இருக்க அந்த அம்மாளால் முடியாது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

பின்னாளில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்துபோகத் தொடங்கியபோது, செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே அவர் கண் சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். "இன்னா சார், உங்க மாமனாரு ஒரு பக்கமா சாஞ்சிக்கினு கீறாரு?" என்று கேட்டபடியே, காலமான என் மாமனாரின் படத்தை நிமிர்த்தி வைப்பார். உயிரோடிருந்த காலத்தில் அவரை யாரும் அப்படி நிமிர்த்தியதில்லை என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து வந்த பேருந்தில் நானும் அவரும் தற்செயலாகச் சேர்ந்து பயணம் செய்தோம். கல்லூரி மாணவர்கள் படிக்கட்டில் கொத்தாகத் தொங்க, பேருந்து இடப்புறமாகச் சரிந்தபடி போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் வழக்கமான காட்சி என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து நின்று, பாதிப் பேர் வலப்பக்கம் போனால்தான் ஆயிற்று என்று தகராறு செய்து, அந்த மாணவர்களில் ஐந்தாறு பேரை உண்மையாகவே இடம் மாற்றி நிறுத்தினார். விழுந்துவிடுவார்களே என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். இறங்கிய பிறகு கேட்டபோது, பேருந்து கோணலாகப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்த அன்று, மாப்பிள்ளை எப்படி என்று என் மனைவி ஆவலோடு விசாரித்தாள்.

"மாப்புள்ள நல்லா கீறாரு டீச்சரம்மா. ஊட்டு நெலதான் உள்வாங்கிக்கினு கீது."

கதவு நிலை சாய்ந்திருப்பதற்காக ஒரு சம்பந்தத்தை விட்டுவிடுவார்களா என்று அவள் கவலைப்பட்டாள். விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய்ச் சம்பந்தி வீட்டு நிலையைப் பெயர்த்து நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் அவர் பெண்ணைக் கொடுத்தார்.

ஆனால் நான் அவரை முதலில் அறிந்தது சித்தாளாக. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, அதன்மேல் சாந்து நிறைந்த பாண்டு என்ற இரும்புச் சட்டி. ஒல்லியான, உயரமான உருவம். எதையாவது உற்றுப் பார்க்கும்போது இடக்கண் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி தொழில் தெரிந்த மனிதர். அந்தத் தெருவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. மாடி அறையின் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த ஒரு நாள், சாந்து கொண்டுபோன இந்த அம்மாள் பாண்டை இறக்காமலே நின்று, இடக்கண்ணை மூடி, சொன்னார்:

"மேஸ்திரி, ஒரு நூலு வெளிய கீது."

"சாந்த கொட்டிட்டு கீழ எறங்குமே."

இறங்கினார். அடுத்த நடையில் மறுபடியும் சொன்னார். அதற்கடுத்த நடையிலும். அவர் வாயை அடைப்பதற்காகவே மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கியது. கயிற்றுக்கும் சுவருக்கும் இடையே, கூட வேண்டாம் குறைய வேண்டாம் என்பதுபோல், ஒரு நூல். மேஸ்திரி குனிந்து அதைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுற்றிக்கொண்டே, பூச்சில் சரியாகிவிடும் என்றார். பூச்சில் சரியாகவில்லை. அந்தச் சுவரோடு என் புத்தக அலமாரி இன்றுவரை முழுதாக ஒட்டி நின்றதில்லை. மறுநாள் முதல் அந்த அம்மாள் மனையின் பின்பக்கத்தில் மணல் சலிக்க அனுப்பப்பட்டார்.

என் மனைவி அம்பத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாலையில் பள்ளி விட்டதும் நேரே மனைக்கு வந்து, புதுச் சுவர்களுக்குத் தண்ணீர் பிடிப்பாள். அன்றைய சங்கதியை அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான். இத்தனை கூர்மையான கண் இருக்கிறதே, நீங்களே ஏன் கொத்தனார் ஆகக்கூடாது என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னதை இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு அதே குரலில் நடித்துக் காட்டினாள்.

"பொம்பள கரண்டி புடிச்சா செவுரு நிக்காதாம் டீச்சரம்மா. நிக்கலன்னு எவன் கண்டான்? ஒரு செவுரு கட்ட உட்டாத்தானே வுழுதா நிக்குதான்னு பாக்க முடியும்?"

இது அனுமானத்தில் ஒரு குறையைச் சரியாகச் சுட்டும் வாதம் என்று நான் கருத்துரைத்தேன். என் மனைவி அந்தக் கருத்துரையைப் பொருட்படுத்தவில்லை. அவள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீடு முடிந்து நாங்கள் குடிபுகுந்த பிறகு, அவள் யோசித்தது தெரியவந்தது. அவளுடைய பள்ளியை அடுத்த தேவாலயக் கூடத்தில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். அந்த வகுப்புக்கு இந்த அம்மாளைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தாள். அங்கே மாலைதோறும் களிமண் சாந்தில் ஒரு சுவர் எழுப்புவார்கள்; பொறியாளர் பார்த்து முடித்ததும் அதைக் கலைத்துவிட்டு, மறுநாள் அதே செங்கற்களால் மறுபடியும் எழுப்புவார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் தம் புகைப்படத்தைக் கோணலாக ஒட்டிவிட்டார்கள் என்பது அவருக்கு ஒரு குறை.

பெரிய குறை அதன்பிறகுதான். சான்றிதழை எடுத்துக்கொண்டு அவர் பல மேஸ்திரிகளிடம் போனார். எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் மனதாரப் பாராட்டவும் செய்தார்கள். பாராட்டிவிட்டுப் பாண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். எங்கள் மேஸ்திரி ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார்: பெண் கரணை என்ற கொத்துக் கரண்டியைப் பிடித்து ஏறினால், சாரத்திலிருக்கும் தம் ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, என் மனைவி சாவகாசமாக, எங்கள் சுற்றுச்சுவரை நீங்கள் கட்டுங்கள் என்றாள். அதுவரை எங்கள் மனைக்கு முள்கம்பி வேலிதான். யோசித்துச் செய்யலாமே என்றேன் நான். யோசித்தாயிற்று என்றாள் அவள்.

வகுப்பில் உடன் படித்த மூன்று பெண்களை அவர் அழைத்துவந்தார். வேலை தொடங்கிய முதல் நாள் காலைக் காட்சியை என் மனைவி கடைசிவரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். சாந்து கலந்தாயிற்று. நால்வரும் பல்லாண்டுப் பழக்கத்தில் ஆளுக்கொரு பாண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கடைக்கால் ஓரமாக வரிசையில் வந்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் ஆளில்லை என்பது உறைக்கச் சில விநாடிகள் ஆயின. பிறகு நால்வரும் சிரித்த சிரிப்பில் ஒரு பாண்டு கீழே போயிற்று.

தெரு முனைத் தேநீர்க் கடையில், எதிர் மனையில் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் மேஸ்திரியின் ஆட்களுக்கு அந்த வாரம் நல்ல பொழுதுபோக்கு. அவர்களில் ஒருவர் ஒரு நாள் காலை, எங்கள் பக்கம் கேட்கும்படியாகத் தம் கூட்டாளியிடம் சொன்னார்:

"இன்னா மாமே, செவுத்துக்குப் பூ வச்சி பொட்டு வச்சி வுடுவாங்களா?"

அந்த அம்மாள் கயிறு பிடித்த கையை எடுக்காமலே திரும்பினார்.

"பொட்டு வச்சாலும் நேரா வெப்போம் அண்ணாத்தே. உம் மீசய பாரு, ஒரு பக்கம் எறங்கிக்கினு கீது."

அன்று மாலை அந்த மனிதர் சவரக் கடைக்குள் நுழைவதை நானே பார்த்தேன்.

சுவர் எழுந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடப்பக்கம் முடித்து, வலப்பக்கத்து அறுபதடியையும் கட்டி முடித்தார்கள். முடிந்த அன்று நான் முன் மூலையில் கண்ணை வைத்துப் பின் மூலைவரை பார்த்தேன். நேர்கோடு என்ற ஒன்றைக் கரும்பலகையில் ஆயிரக்கணக்கான முறை வரைந்திருக்கிறேன். ஒன்றைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அந்த நேர்கோட்டில்தான் பிழை இருந்தது.

வலப்பக்கத்து வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கீழ்த்தளம் மட்டும் கட்டியிருந்தார். சுவர் எழுந்த நாட்களில் மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அளவு நாடாவும் மனையின் வரைபடமுமாக வந்து என்னை வெளியே அழைத்தார்.

"புரொபசர் சார், நடுக்கல் எங்க?"

எங்கள் இரு மனைகளுக்கும் இடையே மூன்று எல்லைக் கற்கள் இருந்தன: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஏரிக் கால்வாய் வளைந்து ஓடியிருக்கிறது. மனை பிரித்தவர்கள் அந்த வளைவை ஒட்டியே எல்லையையும் போட்டிருந்தார்கள். ஆகவே நடுக்கல் நேர்கோட்டில் இல்லை. ஒன்றேகால் அடி எங்கள் பக்கமாகத் தள்ளி இருந்தது. வரைபடத்தில் அந்தக் கோடு நடுவில் இலேசாக முறிந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்தவரின் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். இந்த அம்மாளோ, முன்கல்லிலிருந்து பின்கல்லுக்குக் கயிறு கட்டிப் பார்த்து, நடுக்கல் விலகி நிற்பதைக் கண்டு, மணல் லாரி இடித்து நகர்த்திவிட்டது என்று முடிவு செய்து, அதைப் பிடுங்கிக் கயிற்றோடு நேராக நட்டுவிட்டார். அதன்மேல் சுவரும் எழும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில் ஒரு நீண்ட முக்கோணம் இப்போது எங்களுடையதாக இருந்தது.

எல்லைக் கல்லைப் பிடுங்குவது எத்தகைய குற்றம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கடுமையாகவும் மரியாதையாகவும் எடுத்துரைத்தார். தாலுகா அலுவலகம், காவல் நிலையம் என்ற சொற்கள் வந்தன. சத்தம் கேட்டுத் தேநீர்க் கடையிலிருந்து மேஸ்திரியும் ஆட்களும் வந்து நின்றார்கள். அதில் ஒருவர், பெண் பிடித்த கரணை இப்படித்தான் முடியும் என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. எனக்கு நிலைமை தெளிவாகப் புரிந்தது. அந்த அம்மாள் கட்டிய முதல் சுவர் இது. இது தவறான சுவர் என்ற பேச்சு பூந்தமல்லிவரை போவதற்கு இரண்டு நாள் போதும். பிறகு ஆயுள் முழுக்கப் பாண்டுதான்.

கல்லை நகர்த்தச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்து ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அவங்க தப்ப நீங்க எடுத்துக்காதீங்க," என்றாள் மெதுவாக. "அப்புறம் சுவரும் அவங்களோடதா இருக்காது."

சுவரின் தலைப்பகுதியைப் பூசிக்கொண்டிருந்த அந்த அம்மாள் இறங்கி வந்தார். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரைபடத்தை வாங்கி, இடக்கண்ணை மூடி, அந்த முறிந்த கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"கல்ல புடுங்கி நட்டது நானு," என்றார் பக்கத்து வீட்டுக்காரரிடம். "லாரிக்காரன் இடிச்சி நகந்துகிச்சின்னு நெனச்சேன். யாரையும் ஒரு வார்த்த கேக்கல. சாருக்கும் தெரியாது, டீச்சரம்மாவுக்கும் தெரியாது. தப்பு என்னுது."

"மனை கோணலா இருந்தா சுவரும் கோணலாத்தாம்மா போகணும்."

அவர் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"போவணும்," என்றார். "நாளைக்கு இடிச்சிட்றேன். கல்லு இருந்த குழி எனக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் வந்து இடிக்கத் தொடங்கினார். உடன் வந்த மூன்று பெண்களையும் கைவைக்க விடவில்லை. ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்து, ஒட்டிய சாந்தைச் சுரண்டி, முனை உடையாமல் அடுக்கினார். அறுபதடிச் சுவரைத் தனியாளாக அப்படிப் பிரிப்பதற்குப் பல நாட்கள் ஆயின. நடுவில் வராமல் நின்றிருந்தால் யாரும் திருமழிசைக்குப் போய்த் தேடியிருக்கமாட்டார்கள். முதல் நாள் மேஸ்திரியின் ஆட்கள் தேநீர்க் குவளைகளோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர். மூன்றாம் நாள் மேஸ்திரி மட்டும் வந்து, சுரண்டி அடுக்கிய செங்கற்களில் ஒன்றை எடுத்துப் பார்த்து, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலில் நாற்காலி போட்டு, நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். கல் பழைய குழிக்குப் போயிற்று. புதுச் சுவர் முன்கல்லிலிருந்து நடுக்கல்வரை ஒரு கோடாகவும், அங்கே இலேசாகத் திரும்பி மற்றொரு கோடாகவும் எழுந்தது. அந்தத் திருப்பத்தைக் கட்டியபோது அந்த அம்மாளின் முகம், பிடிக்காத மருந்தை விழுங்குபவர் முகம்போல இருந்தது. ஆனாலும் திருப்பம் கத்தியால் வெட்டியதுபோல் அமைந்தது. முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவந்து மூன்று முறை அளந்தார். அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

"எனக்கு மாடி கட்டணும்," என்றார். "நீங்க எடுத்துக்கறீங்களா?"

அந்த அம்மாளை அவர் 'நீங்க' என்றது அதுவே முதல் முறை. பிறகொரு நாள் என்னிடம் காரணத்தைச் சொன்னார். "முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன் சார். மெஷின் மேல பழி, பொருள் மேல பழி, அடுத்த ஷிப்ட் மேல பழி. தப்பு என்னுதுன்னு சொன்ன ஆளை இப்பத்தான் பார்த்தேன்."

அப்படித்தான் அந்த அம்மாள் சாரம் ஏறினார். மாடிச் சுவர்கள் முழுவதையும் அவரும் அந்த மூன்று பெண்களும் எழுப்பினார்கள். தளம் போடுவதற்கு மட்டும் எங்கள் மேஸ்திரியையும் ஆட்களையும் வரவழைத்தார்கள். பெண் ஏறினால் இறங்கிவிடுவோம் என்ற ஆட்கள், பெண்கள் கட்டிய சுவரின் மேல் ஏறி நின்று கான்கிரீட் கொட்டினார்கள். சுவர் நின்றது.

புதுமனை புகுவிழா அன்று கூடத்தில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தார்கள். கொத்தனார்களுக்கு வேட்டியும் துண்டும் ஒன்றில். சித்தாள்களுக்குச் சேலை மற்றொன்றில். மேஸ்திரிக்கும் அவருடைய கொத்தனார்கள் இருவருக்கும் வேட்டி கொடுத்து முடித்தபின், பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டாவது தட்டிலிருந்து நல்ல சேலையாக ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினார். நிச்சயமாக வேட்டியைவிட உயர்ந்த சேலை, அன்போடு தேர்ந்தெடுத்தது. இவர் கையை நீட்டவில்லை.

"கோச்சுக்காதீங்கம்மா," என்றார். "செவுரு கட்னவங்களுக்கு அந்தத் தட்டுதானே?"

அந்தத் தட்டு காலியாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவியைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த சேலையைப் பார்த்தார்.  இதைச் சிரித்து முடித்துவிடலாமா என்று விருந்தினர் சிலர் முகத்தில் ஓர் எண்ணம் எழுவதைக் கண்டேன். அவர் அசையாமல் நின்றார். பேருந்தில் மாணவர்களிடம் தகராறு செய்தவர் குரலை அன்று உயர்த்தவேயில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"உள்ள வேற வேட்டி இருந்தா கொண்டாரச் சொல்லுங்க சார்," என்றார். "கொத்தனாருக்கு வேட்டிதான். அதான் வழக்கம்."

பக்கத்து வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து, தமக்கென வாங்கி உடுத்தாமல் வைத்திருந்த வேட்டியொன்றைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு துண்டு. அந்த அம்மாள் அவற்றை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடன் வேலை செய்த மூன்று பெண்களுக்கு வேட்டி எங்கே என்று கேட்டார். அதற்குக் கடைக்கு ஆள் போயிற்று.

பந்தியில் கொத்தனார்கள் வரிசையில் மேஸ்திரி சற்று நகர்ந்து இடம் விட்டார். அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்தார். என் மனைவி அன்று அந்த வரிசைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எல்லோர் இலையிலும் கேசரியை ஒருமுறை வைத்தாள். அவர் இலைக்குத் திரும்பி வந்து, அவர் வேண்டாம் என்று கையால் மறைத்ததையும் மீறி, இன்னொரு முறை வைத்தாள்.